கர்மா என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுத்தவர் என் தாயார். முடக்குவாதம் வந்து விரல்கள் உள்பக்கமாக மடங்கிய பிறகு, காப்பித் தம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குகிறார். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினியோ, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆப்பிள்களை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வினைக்கொள்கையில் நம்பிக்கை உண்டு. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. சேர்த்துவைத்த சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்துவம், இனிச் சேரப்போகும் ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்த நம் முன்னோர், அடுத்தவருடைய பிராரத்துவத்துக்குக் கணக்கு எழுதும் வேலையை நமக்குத் தரவில்லை. நம் கையில் இருப்பது ஆகாமியம் மட்டுமே. வலியில் கிடப்பவரிடம் நாம் பேசும் பேச்சும் அதில்தான் சேரும். (ஆப்பிளால் அந்தக் கணக்கு நேராகுமா என்று தெரியவில்லை.)

சூலை என்னும் கொடிய வயிற்றுவலியால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். "கொடுமைபல செய்தன நான்அறியேன்" என்கிறார். தாம் செய்த கொடுமை எதுவென்று தமக்கே தெரியவில்லை என்று இறைவனிடம் முறையிடுகிறார். வலியை விலக்க மாட்டீரா என்று உரிமையோடு கேட்கிறார். அவருக்கே தெரியாத வினை, ஆப்பிள் வாங்கி வந்தவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய தமக்கை திலகவதியாரை நினைக்கும்போது மனம் இன்னும் நெகிழ்கிறது. மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி கேட்டு உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கினார். அதே தம்பி சமணம் புகுந்து, பிறகு நோயோடு இரவில் வந்து காலில் விழுந்தபோது, "விட்டுப் போனாயே, அதன் பலன்தான் இது" என்று அவர் சொல்லவில்லை. திருநீறு கொடுத்து, விடியலில் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். துன்பத்துக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு, எந்தச் சித்தாந்த நூலுக்கும் முன்பாக நான் இந்த அம்மையாரைத்தான் காட்டுவேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காளும் அவர் வழிதான்: தினமும் காலையில் வந்து, எதுவும் பேசாமல் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போகிறார்.

சென்ற மாதம் அம்மா ஆசைப்பட்டாரென்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாக ஏறி, ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப்போனேன். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் முன்னால், கூப்ப வராத கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெகுநேரம் நின்றார். வெளியே காற்றில் வந்ததும், "என்னம்மா வேண்டிக்கிட்டே?" என்றேன்.

"வேண்டிக்கலை கண்ணு, சண்டை போட்டேன்" என்றார்.