அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசன் ஏதல்ஸ்தானைப் பற்றிய பேச்சு; யார்க் என்பது வட இங்கிலாந்து நகரம். "ராஜதந்திரம் என்றால் ஏதல்ஸ்தான்தான், தங்கையைக் கொடுத்தே யார்க்கை வாங்கினான்" என்று பேச்சாளர் முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "மேடம், இப்போது அதுவா முக்கியம்?"

ஆமாம், அதுதான்.

926 ஜனவரி 30. டாம்வொர்த்தில் ஏதல்ஸ்தானும், டப்ளினிலிருந்து வந்து யார்க்கை ஆண்டுகொண்டிருந்த வைக்கிங் அரசன் சிட்ரிக்கும் சந்தித்தார்கள். ஏதல்ஸ்தான் தன் சகோதரியைச் சிட்ரிக்குக்குக் கட்டிக்கொடுத்தான். பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதிவைத்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, இரண்டு ஆண்களின் பெயரும் இருக்கிறது. அவளுக்கு "தன் சகோதரி" என்ற இரண்டே சொற்கள். அவள் அக்காவா தங்கையா என்றுகூட அதில் இல்லை. "தங்கை" என்பது நம் பேச்சாளரின் கைங்கரியம். 12ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய துறவி மால்ம்ஸ்பரி வில்லியமுக்கும் பெயர் அகப்படவில்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் ஒருவர் ஈடித் என்று எழுதினார், கூடவே சிட்ரிக் அவளைக் கைவிட்டுவிட்டான் என்றும்.

"அந்தக் காலத்தில் பெண்களின் பெயரை யார் எழுதினார்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அப்படியா? ஜெர்மனியின் அரசன் ஒட்டோவுக்கு வாழ்க்கைப்பட்ட, ஏதல்ஸ்தானின் இன்னொரு சகோதரி ஈட்கித்தின் பெயர் இருக்கிறதே. 2008இல் மாக்டபர்க் பேராலயத்தில் அவள் பெயர் பொறித்த ஈயப் பெட்டி கிடைத்தது. உள்ளே இருந்த பல்லின் எனாமலைச் சோதித்து, தென் இங்கிலாந்துச் சுண்ணாம்பு நிலத்தில் வளர்ந்தவள் என்று 2010இல் அறிவித்தார்கள். அவளுடைய பல்லுக்குக்கூட வரலாறு உண்டு. யார்க்குக்குப் போனவளுக்குப் பெயரே கிடையாது.

எங்கள் பெரிய அத்தையையும் இப்படித்தான் கொடுத்தார்கள். வரப்புத் தகராறு, பதினோரு வருட வழக்கு. எதிர்க்கட்சி வீட்டுக்கே மருமகளாகப் போனார். வீட்டில் எல்லோரும் அதை "வழக்கு முடிந்த வருடம்" என்பார்கள், "அத்தை கல்யாண வருடம்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிறந்த வீட்டுக்கு வந்தால் பின்கட்டில் உட்காருவார். கையிலிருக்கும் மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்கவே மாட்டார். காபி குடிக்கும்போதும் ஒரு கை பையின் மேல் இருக்கும்.

சரி, சமாதானம் வந்ததே என்பீர்கள். வந்தது, ஒரு வருடம். 927இல் சிட்ரிக் செத்தான், மைத்துனன் ஏதல்ஸ்தான் யார்க்கை எடுத்துக்கொண்டான். டப்ளினிலிருந்து ஓடிவந்த சிட்ரிக்கின் உறவினன் கத்ஃப்ரித்தை விரட்டினான். பிறகு அவன் பணிந்து வந்தபோது நான்கு நாள் விருந்து வைத்தான் என்று வில்லியம் எழுதுகிறார். விருந்தின் நாட்கணக்கு தெரிகிறது! 937இல் அதே கத்ஃப்ரித்தின் மகன் ஓலாஃப் கப்பல்களோடு வந்தான். புருனன்பர்க் போரில் ஐந்து இளம் அரசர்கள் மாண்டார்கள் என்று பாட்டு பாடிவைத்திருக்கிறார்கள். 943இல் ஏதல்ஸ்தானுக்குப் பின் அரசனான தம்பி எட்மண்ட், சிட்ரிக்கின் மகன் இன்னொரு ஓலாஃபின் ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றான், மறுவருடமே அவனைத் துரத்திவிட்டான். ஞானத்தந்தை! இதுவும் ராஜதந்திரம்தானே? தட்டுங்கள் கையை.

"எல்லா நாட்டு அரசர்களும் செய்ததுதான்" என்று உள்பெட்டியில் எழுதிய அண்ணனுக்கு: செய்தார்கள், மறுக்கவில்லை. ஏதல்ஸ்தானைத் தூக்கில் போடச் சொல்லவும் இல்லை. ஒரு பெயரைக் கேட்டேன். "தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். நாற்பது பேர் சேர்ந்து சிரிக்க அதில் என்ன இருந்தது?

பெண்ணியம் பேச இது இடமில்லை என்று அமைப்பாளர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் ஒட்டோவைப் பற்றிய உரையாம். முன்வரிசையில் இடம் போட்டுவையுங்கள், வருகிறேன்.