முதலில் பொட்டு வட்டமா இருக்கானு பாருங்க

போன மாசம் ஒரு அறுபதாம் கல்யாண வேலை. 1991ல் நடந்த கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டை யாரிடமோ கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார்கள். "மண்டபத்துல எல்இடி வால்ல ஓடணும், கொஞ்சம் வெட்டிக் குடுங்கண்ணே" என்று பையன் கொண்டு வந்தார். ஓட விட்டேன். மாப்பிள்ளை முகம் பூசணிக்காய். பெண் நெற்றியில் குங்குமப் பொட்டு படுக்க வைத்த முட்டை. "அப்பா அப்பவே நல்ல வெயிட்டுண்ணே" என்கிறார் பையன். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், மனுஷன் ஒடிசல்!

கேசட்டில் இருப்பது 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. கன்வெர்ட் செய்தவர், ஓரத்தில் கருப்பு தெரிந்தால் கஸ்டமர் திட்டுவார் என்று பயந்து இப்போதைய டிவி அளவான 16:9 முழுக்க இழுத்து விட்டிருக்கிறார். 1440க்கு 1080 பிக்சலில் (படத்தின் புள்ளிகள்) நிற்க வேண்டிய படத்தை 1920க்கு இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாவார்கள். 60 கிலோ ஆள் 80 கிலோ.

இந்தக் கருப்புப் பட்டை பயம்தான் நம்ம தொழிலில் பாதிப் படங்களைக் கெடுக்கிறது என்பேன். 16:9 ஒன்றும் சாஸ்திரத்தில் வந்த அளவு இல்லை. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், பழைய 4:3 டிவி படம் முதல் உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான சினிமாஸ்கோப் வரை எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க நடுவாகப் பிடித்த அளவு அது. ஒன்றுக்குப் பக்கவாட்டில் கருப்பு விழும், இன்னொன்றுக்கு மேலும் கீழும் விழும். தெரிந்துதான் அப்படி வைத்தார்கள்.

இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பலாமே என்பீர்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடும். தாலி கட்டுகிற கை வேண்டும் என்றால் தலை போகும், தலை வேண்டும் என்றால் கை போகும். எது வேண்டும் என்று அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள் பார்ப்போம்.

அசல் கேசட்டை வாங்கி நானே கேப்சர் செய்தேன், அதாவது ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. நம்ம ஊர் பழைய டிவி முறையான பால் (PAL) முறையில் கேப்சர் ஆவது 720க்கு 576. வகுத்துப் பாருங்கள், 4:3 வராது, 5:4தான் வரும். அந்தப் பிக்சல் சதுரம் இல்லை, அதனால் 768க்கு 576 என்று விரித்துப் பார்க்க வேண்டும். 2000களின் மினி டிவி (MiniDV) டேப் கேமராவில் வைடு மோடில் எடுத்த ஃபைலும் இதே 720க்கு 576தான், ஆனால் அதை 1024 அகலத்துக்கு விரிக்க வேண்டும். எண் ஒன்று, உருவம் இரண்டு. அதனால் நான் எண்ணை நம்புவதில்லை, படத்தில் வட்டத்தைத் தேடுவேன். நேராகப் பார்க்கும் முகத்தில் பொட்டு, கேமராவுக்கு நேராகத் திரும்பிய தவில் முகம். தாம்பாளம் வேண்டாம், சாய்ந்து கிடந்து ஏமாற்றும்.

எல்லாம் சரியாகச் செய்து, பக்கத்துக்கு 240 பிக்சல் கருப்பு விட்டு, 1920க்கு 1080ல் ரெண்டர் போட்டு, அதாவது முடிந்த ஃபைலாக்கிக் கொடுத்தேன். மண்டபத்தில் ஓடியபோது மாப்பிள்ளை நோஞ்சான்! "மாமா அப்ப பட்டினியா கெடந்தாரா?" என்று ஒரு சிரிப்பு வேறு. அந்த எல்இடி வால், அதாவது திரை, 12 அடிக்கு 8 அடி, அதாவது 3:2. ஆபரேட்டர் தம்பி 16:9 சிக்னலை அதற்குள் நெருக்கியிருக்கிறார். "முழுசா தெரியணும்லண்ணே?" என்றார். சிக்னலில் நடு 1620 பிக்சலை மட்டும் எடுத்து நிரப்பச் சொன்னேன். ஐந்து நிமிஷ வேலை. பக்கத்துக்கு 8 அங்குலம்தான் கருப்பு, பொட்டு வட்டமாக வந்துவிட்டது. வால் அளவை முன்னாடியே கேட்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

புது ஜோடிகளுக்கு நேர் எதிர் ஆசை, "சினிமா மாதிரி" மேலும் கீழும் கருப்பு வேண்டுமாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எடுக்கும்போதே கேமராவில் ஃபிரேம் கைடு (எதுவரை படத்தில் வரும் என்று காட்டும் கோடு) போட்டு எடுங்கள். 16:9க்கு எடுத்துவிட்டு எடிட்டிங்கில் பட்டை ஒட்டினால் கொண்டைப் பூ காணாமல் போகும். அந்தப் பட்டையையும் ஃபைலுக்குள் சுடாதீர்கள், அதாவது படத்தோடு சேர்த்துப் பதிக்காதீர்கள். 1920க்கு 804 என்றே ரெண்டர் போடுங்கள், யூடியூப் தானே சரி செய்துகொள்ளும். பட்டையோடு சுட்டால், இப்போதைய நீள போனைப் படுக்க வைத்துப் பார்க்கும்போது நாலு பக்கமும் கருப்பு, நடுவில் தீப்பெட்டி மாதிரி கல்யாணம்.

அடுத்த வாரம் வேறொரு மண்டபம். வால் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று மூன்று நாளாக போன் போட்டுக் கேட்கிறேன். "பெருசா இருக்கும்ணே, கவலைப்படாதீங்க" என்கிறார்கள்.