ஏவுகணை அமெரிக்காவுக்கு, தண்ணீர் அண்டை நாட்டுக்கு

2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் நடந்த ராணுவ அணிவகுப்பின் வீடியோக்கள் இன்னும் என் டைம்லைனில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கீழே கமெண்டில் எப்போதும் போல இரண்டு கட்சி. "சீனா வேற லெவல், அமெரிக்கா காலி" என்பது ஒன்று. "எல்லாம் சைனா செட்டு, நாலு நாள் தாங்காது" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஆயுதத்தைப் பார்க்கிறார்களே தவிர, அது யாரை மனதில் வைத்துச் செய்தது என்று பார்ப்பதில்லை.

முதலில் சைனா செட்டு கட்சிக்கு. 1998-ல் உக்ரைனில் பாதி கட்டிய நிலையில் கிடந்த வார்யாக் என்ற விமானம் தாங்கிக் கப்பலை ஹாங்காங் தொழிலதிபர் ஒருவர் 2 கோடி டாலருக்கு வாங்கினார். மக்காவ்வில் மிதக்கும் சூதாட்ட விடுதி ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். பாஸ்பரஸ் நீரிணை வழியாக விடமாட்டேன் என்று துருக்கி இழுத்தடித்தது. கடைசியில் 2002-ல் அது தாலியன் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டது. சூதாட்டம் எதுவும் நடக்கவில்லை. 2012-ல் அதே கப்பல் லியாவ்நிங் என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது. 2019-ல் சொந்தமாகக் கட்டிய ஷான்தொங். 2025 நவம்பரில் ஃபுஜியன். இந்த மூன்றாவது கப்பல் மின்காந்த விசையால் விமானத்தை உந்தி ஏவுகிறது. அமெரிக்காவைத் தவிர வேறு எவரிடமும் இது கிடையாது. நீராவி உந்துவிசை என்ற நடுப்படியில் சீனா காலே வைக்கவில்லை. பழைய இரும்பு தாலியன் வந்து சேர்ந்ததிலிருந்து இங்கே வர கால் நூற்றாண்டு கூட முழுதாக ஆகவில்லை. இதைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஓட்டை இல்லை என்று சொல்லவில்லை. ஃபுஜியன் அணுசக்தியில் ஓடுவதில்லை. லீ ஷாங்ஃபூ, வெய் ஃபெங்ஹ என்று அடுத்தடுத்து இரண்டு பாதுகாப்பு அமைச்சர்களை லஞ்சப் புகாரில் 2024-ல் கட்சியை விட்டே நீக்கினார்கள். சீன ராணுவம் கடைசியாகப் பெரிய போர் செய்தது 1979-ல், வியட்நாமோடு. சரி, அது இருக்கட்டும்.

இந்த ஆயுதங்களின் கதை 1996 மார்ச்சில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். தைவானில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல். மிரட்டுவதற்காக சீனா அந்தக் கடலில் ஏவுகணைகளை வீசியது. கிளின்டன் இரண்டு விமானம் தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பினார். பெய்ஜிங்கால் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். கடலில் ஓடும் கப்பலையே குறிவைக்கும் டிஎஃப்-21டி, அமெரிக்கத் தளம் இருக்கும் குவாம் தீவு வரை எட்டும் டிஎஃப்-26, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வளைந்து நெளிந்து போகும் டிஎஃப்-17. எல்லாம் அமெரிக்கக் கப்பலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அண்டை நாடுகளுக்கு வருவது வேறு சரக்கு.

2025 ஆகஸ்ட் 11. தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டு. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து கிட்டத்தட்ட 900. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்றை 3104 என்ற எண் கொண்ட சீனக் கடலோரக் காவல் கப்பல் துரத்துகிறது. அதே வேட்டையில் குறுக்கே சீனக் கடற்படையின் 164 எண் போர்க்கப்பல் வருகிறது. இரண்டும் மோதிக்கொள்கின்றன. 3104-ன் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப் போகிறது. பிலிப்பைன்ஸ் கப்பலில் இருந்தவர்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டே, மருத்துவ உதவி வேண்டுமா என்று ரேடியோவில் கேட்கிறார்கள். சீனத் தரப்பு வெளியிட்ட அறிக்கையில் விரட்டியடித்தோம் என்று இருந்தது. மோதலைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்கு முந்தைய வருடம் ஜூன் 17-ல் நடந்தது இன்னும் மோசம். செகண்ட் தாமஸ் திட்டில் பிலிப்பைன்ஸ் 1999-ல் வேண்டுமென்றே தரைதட்டவிட்ட சியாரா மாட்ரே என்ற கப்பல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்து உடல், முழுக்கத் துரு. அதில் இருக்கும் சில வீரர்களுக்கு அரிசி, தண்ணீர் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் காவல்படையினர் மறித்தார்கள். கையில் கத்தி, கோடரி. ஒரு மாலுமியின் கட்டைவிரல் போய்விட்டது.

ஹைப்பர்சோனிக் ஏவுகணை வைத்திருக்கும் நாடு ஏன் கோடரியோடு வருகிறது? துப்பாக்கி சுட்டால் அது ஆயுதத் தாக்குதல். அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் 1951-ல் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் உயிர்பெற்றுவிடும். தண்ணீரைப் பீய்ச்சினால், இடித்தால், கோடரியால் படகைக் கிழித்தால் வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஏவுகணையின் வேலை பின்னால் நின்று அமெரிக்காவை யோசிக்க வைப்பது. முன்னால் கடலோரக் காவல்படையின் வெள்ளைக் கப்பல் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடலைத் தின்கிறது. 2018-லேயே கடலோரக் காவல்படையை ராணுவத் தலைமையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பாணியின் உச்சம் மணல் அள்ளும் கப்பல்தான். தியான்ஜிங் என்று ஒரு பூதம் இருந்தது. கடலடியை வெட்டி, உறிஞ்சி, குழாய் வழியாகப் பவளத்திட்டின் மேல் கொட்டும். 2013-லிருந்து இரண்டு மூன்று வருடத்தில் தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டப் பகுதியில் சுமார் 3,200 ஏக்கர் புதுநிலம் முளைத்தது, ஓடுபாதைகளோடு. ராணுவமயமாக்கும் எண்ணமில்லை என்று 2015-ல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷி ஜின்பிங் சொன்னார். அப்புறம் அங்கே ஏவுகணைகளே வந்தன. வரைபடத்தில் ஒன்பது கோடு போட்டுத் தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனது என்று சீனா கோரும் உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2016 ஜூலை 12-ல் ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பெய்ஜிங் ஏற்கவில்லை. ஒரு தோட்டா செலவாகவில்லை, தீவுகள் கைக்கு வந்தன. கணக்கில் சீனாவுக்கு லாபம்தானே என்பீர்கள்.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1991-ல் அந்நாட்டு செனட் ஓட்டுப் போட்டு அமெரிக்கத் தளங்களை வேண்டாம் என்றது. அடுத்த வருடம் சூபிக் கடற்படைத் தளத்திலிருந்து அமெரிக்கா மூட்டை கட்டியது. 1995-லேயே சீனா ஸ்ப்ராட்லியின் மிஸ்சீஃப் திட்டில் வந்து உட்கார்ந்தது, மீனவர்களுக்கான குடில் என்று சொல்லிக்கொண்டு. 2016-ல் துதெர்தே அதிபராக வந்து சீனாவோடு கைகோத்தார், தீர்ப்பை ஓரமாக வைத்தார். அப்படி ஒரு அதிபர் கிடைத்தும் சீனா பிலிப்பைன்ஸ் மீனவர்களை நிம்மதியாக விடவில்லை. பலன்? 2023-ல் அமெரிக்கப் படைகள் பயன்படுத்தும் தளங்களின் எண்ணிக்கை ஒன்பதானது. 2024 ஏப்ரலில் நம்முடைய பிரம்மோஸ் ஏவுகணைகள் மணிலா போய் இறங்கின. துரத்திவிட்ட அமெரிக்காவைத் திரும்பக் கூட்டிவந்தது சீனாவின் தண்ணீர் பீரங்கிதான். ஜப்பானும் 2022 கடைசியில் பாதுகாப்புச் செலவை இரட்டிப்பாக்க முடிவு செய்தது. வியட்நாம் மட்டும் கெட்டிக்காரர்கள். 1988-ல் ஜான்சன் தெற்குத் திட்டில் 64 பேரைப் பறிகொடுத்த நாடு. 2023 செப்டம்பரில் பைடனை ஹனோய்க்கு அழைத்து உறவை உச்சத்துக்கு உயர்த்தியது, டிசம்பரில் ஷியையும் வரவேற்றது, சத்தமில்லாமல் தன் பங்குக்கும் ஸ்ப்ராட்லியில் மணல் கொட்டுகிறது.

நமக்கும் கோடரி அனுபவம் உண்டு. 2020 ஜூன் 15, கல்வான். எல்லைக்கோட்டின் அருகில் துப்பாக்கி கூடாது என்ற 1996 ஒப்பந்தம் இருந்ததால் ஆணி அடித்த தடியும் கல்லும். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட நம் வீரர்கள் 20 பேர் போனார்கள். ஆனால் சீனாவின் உயர்ரகச் சரக்கு நம்மை நோக்கி வந்தது பாகிஸ்தான் கை வழியாக. 2025 மே மாதச் சண்டையில் ஜே-10சி விமானமும் பிஎல்-15 ஏவுகணையும். பஞ்சாபின் ஹோஷியார்பூரில் பிஎல்-15 ஒன்று பெருமளவு உடையாமலே கிடைத்தது. நம் தரப்பிலும் விமான இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. பக்கத்து நாட்டின் பக்கத்து நாட்டுக்கு ஆயுதம் கொடுப்பது. மணிலாவுக்கு பிரம்மோஸ் விற்கும் நாமும் ஆடுவது அதே ஆட்டம்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஸ்கார்பரோ மோதல் நடந்து ஒரு மாதம்கூட முடியவில்லை, அதே திட்டைத் தேசிய இயற்கைக் காப்பகம் என்று சீனா அறிவித்தது. பவளத்தைக் காப்பாற்றவாம். தென்சீனக் கடலின் பவளத்திட்டுகளை நாசமாக்கியதற்காக ஹேக் மன்றம் குற்றம் சொன்னது இதே சீனாவைத்தான். காப்பகம் என்றால் நாளை உள்ளே நுழையும் பிலிப்பைன்ஸ் மீனவரை அத்துமீறியவர் என்று பிடிக்கலாம், அவ்வளவுதான் திட்டம். 2028-ல் மணிலாவில் அதிபர் தேர்தல். இதற்கு மேலும் சீனாவோடு சமாதானமாகப் போவேன் என்று அங்கே எவர் மேடையேறிச் சொன்னாலும் ஓட்டு விழாது என்பது என் கணிப்பு.