4கேயா, 60 பிரேமா?

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய கன்சோல்களுக்கு வரும் பெரிய கேம்கள் பலவற்றின் செட்டிங்ஸ் பகுதியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது: 'குவாலிட்டி' மோடா, 'பெர்ஃபார்மன்ஸ்' மோடா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் படம் 4கே ரெசல்யூஷனிலோ அதை ஒட்டியோ வரும்; ரெசல்யூஷன் என்பது படம் எத்தனை புள்ளிகளால், அதாவது பிக்சல்களால், ஆனது என்பதைக் குறிக்கிறது. ஆனால் விநாடிக்கு 30 பிரேம்கள், அதாவது 30 தனித்தனிப் படங்கள்தான் கிடைக்கும். இரண்டாவதில் ரெசல்யூஷன் இறங்கும், பிரேம்கள் 60 ஆகும். தரம் என்ற சொல்லை ரெசல்யூஷனுக்கே எழுதிக் கொடுத்துவிட்ட இந்தப் பெயரிடலில்தான் என்னுடைய முதல் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. கேம் ஆடுபவரின் கண்ணுக்குப் படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதிலும் பிரேம் ரேட்டுக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை பிரேம்கள் என்பதற்கு, பெரும் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வீட்டில் 43 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கிய புதிதில், ஏறக்குறைய ஆறு மாத காலம் நான் எல்லாக் கேம்களையும் குவாலிட்டி மோடில்தான் ஆடினேன். காசு கொடுத்து 4கே வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்தாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொரேல்ஸ் கேமில் நியூயார்க் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களில் எதிர்த்தெரு பிரதிபலிப்பதை நின்று நின்று பார்த்து வியந்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றிவிட்டு, உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்து வலையை வீசி வீதியின் ஊடாக ஊசலாடியபோது, கீழே ஓடும் கார்களும், கடைப் பலகைகளும், நடைபாதையில் போகிறவர்களும் தனித்தனியாகக் கண்ணுக்குப் பிடிபட்டார்கள். அதுவரை அந்த வேகத்தில் அவையெல்லாம் வெறும் வண்ணத் தீற்றல்களாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தன. ரெசல்யூஷனைக் குறைத்த பிறகு அதிகம் தெரிந்தது எப்படி என்ற கேள்விதான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1080பி என்பது 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே என்பது 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். சரியாக நான்கு மடங்கு. ஒரு பிரேமை உருவாக்க 30 எஃப்.பி.எஸ்.ஸில் (விநாடிக்கு 30 பிரேம்களில்) கன்சோலுக்கு 33.3 மில்லி விநாடி கிடைக்கிறது, 60இல் அதில் பாதியான 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. ஒரே சிப், ஒரே மின்சாரம். நேரத்தைப் பிக்சல்களுக்குச் செலவிடுவதா, பிரேம்களுக்குச் செலவிடுவதா என்பதுதான் பங்கீடு.

இப்போது, அந்த நான்கு மடங்கு பிக்சல்களில் எவ்வளவு நம் கண்ணை வந்தடைகிறது? கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தருகிற பார்வை, ஒரு பாகைக்குள் சுமார் 60 பிக்சல்களைப் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. என் வீட்டில் டேப் வைத்து அளந்தேன். நான் உட்காரும் இடத்திலிருந்து தொலைக்காட்சி 8 அடி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 43 அங்குலத் திரை சுமார் 22 பாகை அகலத்தில் தெரியும்; 1080பி படமே பாகைக்கு 87 பிக்சல்களைத் தந்துவிடுகிறது. மெல்லிய கம்பிகளின் ஓரம் நெளிவது, தூரத்து இலைகள் மினுமினுப்பது போன்ற சில இடங்களில் கூடுதல் பிக்சல்கள் அப்போதும் உதவுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் 4கேயின் பெரும்பகுதி அந்த 8 அடியைத் தாண்டி என்னிடம் வந்து சேர்வதில்லை. இதுவே மேசையில் இரண்டடி தூரத்தில் இருக்கும் 27 அங்குல மானிட்டர் என்றால் கதை வேறு. அங்கே 1080பி பாகைக்குச் சுமார் 37 பிக்சல்களைத்தான் தருகிறது என்பதால், 1080பிக்கும் 4கேக்கும் இடைப்பட்ட 1440பிக்குப் போவதன் பலன் உடனே தெரியும். ஆகவே ரெசல்யூஷன் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு, எங்கே உட்கார்ந்து ஆடுகிறீர்கள் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இதுவும் அசையாத படத்துக்கான கணக்குதான். கேமிலோ கேமரா ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு பொருள் 4கே திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு விநாடிகளில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 1920 பிக்சல்களைக் கடக்கிறது. 30 எஃப்.பி.எஸ்.ஸில் அந்தப் பொருள் ஒவ்வொரு பிரேமுக்கும் 64 பிக்சல்கள் தாவி, தாவிய இடத்தில் 33 மில்லி விநாடி அசையாமல் நிற்கிறது. நம் கண்ணோ அதைச் சீராகப் பின்தொடர்ந்தபடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. திரை நிற்க, கண் நகர, அந்தப் பொருளின் விளிம்பு விழித்திரையில் 64 பிக்சல் அகலத்துக்குத் தேய்ந்து பரவுகிறது. எல்.சி.டி. ஆனாலும் ஓ.எல்.இ.டி. ஆனாலும், ஒரு பிரேமை அடுத்த பிரேம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும் திரைகள் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கும். 60 எஃப்.பி.எஸ். கிடைத்தால் இந்தத் தேய்மானம் 32 பிக்சல்களாகப் பாதியாகிறது. 1080பியில் 60 பிரேம்கள் என்றாலும் திரையில் அதே 32 பிக்சல் அகலம்தான் என்பதால், நகரும் காட்சியில் 1080பி 60 எஃப்.பி.எஸ்., 4கே 30 எஃப்.பி.எஸ்.ஸை விடத் தெளிவானது. ஸ்பைடர்மேனில் எனக்குக் கார்கள் தெரிந்ததற்கான விளக்கம் இதுதான்.

கண்ணுக்கு அடுத்தது விரல். பட்டனை அழுத்திய பிறகு அதன் விளைவு அடுத்து உருவாகும் பிரேம்களில்தான் தெரிய முடியும். பிரேமுக்கான நேரம் இரட்டிப்பானால் இந்தக் காத்திருப்பும் கூடுகிறது. சினிமா 24 பிரேம்களில்தானே ஓடுகிறது, அதில் யாரும் குறை காணவில்லையே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சினிமா கேமராவின் ஷட்டர் பொதுவாக ஒரு பிரேமின் பாதி நேரம் திறந்திருப்பதால், அந்த நேரத்து அசைவு முழுவதும் அந்தப் படத்திலேயே இயல்பாகக் கலந்து பதிவாகிவிடுகிறது; அதோடு, ஒளிப்பதிவாளர் 24 பிரேம்களுக்கு ஏற்ற வேகத்தில் கேமராவைத் திருப்புகிறார். கேமில் கேமராவைத் திருப்புவது நம் கட்டைவிரல். பார்ப்பவருக்குப் போதுமான எண்ணிக்கை ஆடுபவருக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிரேம் குறைந்த கேம் எல்லாம் மோசமான கேம் என்று நான் சொல்லவில்லை. 1998இல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த ஆக்கரினா ஆஃப் டைம் என்ற சாகச கேம் விநாடிக்கு 20 பிரேம்களில்தான் ஓடியது. இன்றும் அது தலைசிறந்த கேம்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதே ஆண்டு, அதே நிறுவனம், அதே கன்சோலுக்கு வெளியிட்ட எஃப்-ஜீரோ எக்ஸ், 30 பந்தய வாகனங்களை ஒரே நேரத்தில் 60 எஃப்.பி.எஸ்.ஸில் ஓட்டிக் காட்டியது. அதற்காகப் பின்னணியை ஏறக்குறைய வெறுமையாக்கினார்கள், வாகனங்களின் வடிவங்களை எளிமையாக்கினார்கள். பந்தயத்துக்கு எது உயிர், சாகசத்துக்கு எது உயிர் என்று பார்த்து உருவாக்கியவர்களே முடிவெடுத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிற்பாடு அந்த முடிவைச் சந்தை எடுக்கத் தொடங்கியது. ராட்செட் அண்டு கிளாங்க் கேம் வரிசையை உருவாக்கும் இன்சோம்னியாக் நிறுவனத்தின் மைக் ஆக்டன் 2009இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிரேம் ரேட்டுக்கும் விற்பனைக்கும் அல்லது விமர்சன மதிப்பெண்ணுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை, கிராபிக்ஸுக்கும் மதிப்பெண்ணுக்கும்தான் தொடர்பு இருக்கிறது என்று விளக்கி, 60 எஃப்.பி.எஸ்.ஸை இனி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. பத்திரிகையில் அச்சாகும் ஸ்கிரீன்ஷாட்டில் பிரேம் ரேட் தெரியாது. விளம்பரத்தில் தெரியாததற்கு நிறுவனம் ஏன் செலவழிக்க வேண்டும்? ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கால் ஆஃப் டூட்டி 4 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் கன்சோல்களில் 1024 × 600 என்ற, 720பியைக்கூட எட்டாத ரெசல்யூஷனில் 60 எஃப்.பி.எஸ்.ஸைக் குறிவைத்து வந்து, உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. அதை ஆடியவர்களில் பலருக்கு எஃப்.பி.எஸ். என்ற சொல்லே தெரிந்திருக்காது. துப்பாக்கி சொன்னபடி கேட்கிறது என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது.

தேர்வை ஆடுபவரிடம் கொடுத்தபோது என்ன ஆனது என்பதும் தெரிந்துவிட்டது. 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை அறிமுகப்படுத்திய அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, மோடைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான்கில் மூன்று பங்கு பெர்ஃபார்மன்ஸ் மோடே தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று சொன்னார். நம் ஊரில் மொபைலில் பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடும் தம்பிமாருக்கு இது செய்தியே அல்ல. கிராபிக்ஸை 'ஸ்மூத்'தில் வைத்து, பிரேம் ரேட்டை 'எக்ஸ்ட்ரீம்' ஆக்கி 60 எஃப்.பி.எஸ். எடுப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. புல்லும் நிழலும் போனால் போகட்டும், எதிரி எட்டிப் பார்க்கும்போது தெரிந்தால் போதும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. கவுண்டர் ஸ்டிரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை கேமைத் தொழில்முறையாக ஆடுபவர்கள் பலர் 1280 × 960 ரெசல்யூஷனிலேயே ஆடுவதற்கும் இது ஒரு காரணம்.

இன்சோம்னியாக் கதைக்கு எனக்குப் பிடித்த ஒரு தொடர்ச்சி உண்டு. 2021இல் வந்த ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமுக்கு அதே நிறுவனம் 40 எஃப்.பி.எஸ். மோடு ஒன்றைச் சேர்த்தது. விநாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் மூன்று புதுப்பிப்புகளுக்கு ஒரு பிரேம் என்று அது சீராகப் பொருந்தும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அப்படி வகுபடாது. 40 என்பது 30க்கும் 60க்கும் சரியான நடுவில் இல்லையே என்று தோன்றலாம். நேரத்தில் பார்த்தால் 33.3க்கும் 16.7க்கும் சரியான நடு 25 மில்லி விநாடி. அதுதான் 40 எஃப்.பி.எஸ். கிராபிக்ஸைப் பெரிதாக விட்டுக்கொடுக்காமல், அசைவில் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம். டி.எல்.எஸ்.எஸ். போன்ற அப்ஸ்கேலிங் நுட்பங்கள், 1440பியில் உருவாக்கிய படத்தை 4கேக்கு நெருக்கமாக உயர்த்தித் தரும் இந்நாளில், ரெசல்யூஷனைக் குறைப்பதால் வரும் இழப்பும் சுருங்கிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். 60க்கும் 42க்கும் இடையே தள்ளாடும் கேமை விட, அசையாமல் நிற்கும் 30 மேல். கண் ஒரு தாளத்துக்குப் பழகிக்கொள்ளும், தாளம் தவறுவதைத்தான் பொறுத்துக்கொள்ளாது. அடுத்தது, ரெசல்யூஷனைக் குறைத்தால் எப்போதும் பிரேம் கூடும் என்ற எண்ணம் தவறு. 2024இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 கேமில் ஊருக்குள் நுழைந்ததும் பிரேம்கள் சரிந்ததற்குக் காரணம், அத்தனை ஊர்மக்களையும் இயக்கும் சி.பி.யு.வின் (மையச் செயலியின்) சுமை; பிக்சல்களை வரைவது அதன் வேலை அல்ல என்பதால் அங்கே பிக்சல்களைக் குறைப்பதால் பெரிய பலன் கிடைக்காது. 2022 முதல் வந்திருக்கும் பிரேம் ஜெனரேஷன் நுட்பத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பித்துச் செருகுவதற்காக, வந்துவிட்ட அடுத்த பிரேமை அது பிடித்து நிறுத்துகிறது. அசைவு மென்மையாகும், பட்டனுக்குக் கிடைக்கும் பதில் விரைவாகாது. திரையின் மூலையில் 120 என்று காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம்.

நான் ரெசல்யூஷன் பக்கம் நிற்கும் கேமும் ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு முறையாக ஆடும் வியூக கேமான சிவிலைசேஷன் 6ஐ மேசையில் இருக்கும் மானிட்டரில் 1440பியில் ஆடுகிறேன்; வரைபடம் நகராமல் நிற்கிறது, சின்னச் சின்ன எழுத்துகளை மணிக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது, என் முறை முடியும்வரை எதிரி காத்திருக்கிறான். அதில் பிரேம் ரேட்டை நானே 30இல் பூட்டி வைத்திருக்கிறேன். கத்திரி வெயில் நாட்களில் கிராபிக்ஸ் கார்டின் சூடும் விசிறியின் இரைச்சலும் அதனால் குறைகின்றன.