கைக்கு வராத பணத்தைச் சம்பளம் என்று எழுதாதீர்கள்

நேற்று இங்கே ஒரு தம்பி தன் முதல் பேஸ்லிப்பைப் போட்டு, வேலைக் கடிதத்தில் இருந்ததைவிடக் கைக்கு வந்தது குறைவு என்று புலம்பியதற்கு விழுந்த சிரிப்பு இமோஜிகளைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. "படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் தப்பு?" என்று கேட்டவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக் கடிதத்தில் பெரிதாகப் போடுகிற சிடிசி (காஸ்ட் டு கம்பெனி) என்பது சம்பளம் இல்லை. நம்மை வேலைக்கு வைப்பதால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. செலவு என்றே எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் எழுதட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஆண்டுக்கு 4,80,000 என்று கடிதத்தில் இருந்தால், மாதம் 40,000 என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,800, அந்த 40,000க்குள்ளேயே இருக்கிறது. நம் பங்கு இன்னொரு 1,800. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 720. வேரியபிள் பே, அதாவது கூடவோ குறையவோ செய்கிற தொகை, 4,000. அது வருடக் கடைசியில், அதுவும் "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு". மிச்சம் 31,680. இன்சூரன்ஸ் பிரீமியம், தொழில் வரி எல்லாம் போனால் இன்னும் குறையும்.

"பிஎஃப் உன் பணம்தானே?" சரி, என் பணம்தான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. கிராஜுவிட்டி? நான் வேலை பார்த்தபோது இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையை விட்டுப் போகிறவருக்கு அது கிடைக்க ஐந்து வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். நான் மூன்றரை வருடத்தில் விலகினேன். நியமனக் கடிதத்திலும் பிறகு வந்த ஒவ்வொரு இன்கிரிமென்ட் கடிதத்திலும் அதை என் சம்பளத்தோடு கூட்டித்தான் காட்டினார்கள். கடைசியில் கணக்கு முடித்த தாளில் அந்த வரிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. கேட்டதற்கு, "அஞ்சு வருஷம் ஆகலையே" என்றார்கள். அப்புறம் எதற்கு அதை என் சம்பளம் என்று எழுதினீர்கள்?

2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, அலவன்ஸ்கள் (படிகள்) மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதை ஊதியக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் கைக்கு வரும் தொகையை முதல் பக்கத்தில் போடு என்று அதுவும் சொல்லவில்லை.

படித்திருக்க வேண்டுமாம். படித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது, திங்கள் காலைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சம்பள விவரம் இருந்த அனெக்ஸரில் (இணைப்புத் தாளில்) பாதி வார்த்தை அன்றைக்குப் புரியவில்லை. கேட்டால் வேலையே கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தை அறியாதவர்களுக்குச் சிரிப்பது சுலபம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

என் முதல் கடிதத்தை வாங்கிப் பார்த்த அப்பா, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் 12ஆல் வகுத்தார். வீட்டுக் கடனுக்கு இவ்வளவு, தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு இவ்வளவு என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். முதல் மாதப் பணத்தைக் கொடுத்தபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மீதி எங்கடா?" என்றார். நான் எடுத்துச் செலவு பண்ணிவிட்டேன் என்று நினைத்தார். பேஸ்லிப்பைக் காட்டியும் உடனே நம்பவில்லை. அதுவரை அப்பா என்னைப் பணவிஷயத்தில் சந்தேகப்பட்டதே இல்லை.

நேற்று அந்தத் தம்பியும் கடைசி வரியில், வீட்டில் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தான். அதற்கும் சிரித்திருக்கிறீர்கள்.