அந்த அம்மா சொன்ன சமாதானம்

நேற்று ராத்திரி ‘தி கிரேட் சான்டினி’ பார்த்தேன். 1979-ல் வந்த அமெரிக்கப் படம். முடிந்தபோது மணி ஒன்று. அதற்குப் பிறகு தூக்கம் வரவே இல்லை.

கதை 1962-ல், தெற்கு கரோலினாவின் பியூஃபோர்ட் என்ற ஊரில் நடக்கிறது. புல் மீச்சம் என்பவர் அமெரிக்க மரைன் படையில் போர் விமானி, லெப்டினன்ட் கர்னல். வீட்டையும் படைப்பிரிவு மாதிரியே நடத்துகிறார். நான்கு பிள்ளைகளும் வரிசையாக நிற்க வேண்டும், ‘சார்’ போட்டுப் பேச வேண்டும். புல்லாக நடித்த ராபர்ட் டுவாலைப் பார்க்கும்போது எனக்கே முதுகு நிமிர்ந்தது.

வீட்டு முற்றத்தில் அப்பாவும் மூத்த மகன் பென்னும் கூடைப்பந்து ஆடுகிறார்கள். பென் முதல் முறையாக அப்பாவை ஜெயிக்கிறான். உடனே விதி மாறுகிறது: இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டுமாம். பையன் முடியாது என்று திரும்பி நடக்கிறான். அப்பா விடவில்லை. பின்னாலேயே போய், மாடிப்படி வரைக்கும் அவன் தலையில் பந்தை அடித்துக்கொண்டே ‘அழு, அழு’ என்கிறார். அந்தப் பந்துச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அன்றிரவு கொட்டும் மழையில் அவர் தனியாகப் பந்து போட்டுப் பழகுகிறார். ஜன்னலில் நிற்கும் பென்னிடம் அம்மா சொல்கிறாள், அதுதான் அப்பா மன்னிப்புக் கேட்கிற விதம் என்று.

பார்க்கிறவர்கள் உருகுகிற காட்சி இது. எனக்கு மட்டும் கோபம் வந்தது, அந்த அம்மா மேலும், என் மேலும். ‘அப்பா அப்படித்தான்டா, மனசுல ஒண்ணும் இருக்காது’ என்று என் பையனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என் அம்மா எனக்குச் சொன்னாள். அடி வாங்கினவனே அடித்தவரின் மனசையும் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்தப் பிள்ளைக்கு அழக்கூட இடம் எங்கே?

கடைசியில் விமானம் பழுதாகிறது. ஊர்மேல் விழாமல் அதைத் திருப்பிக்கொண்டு போய் உயிரை விடுகிறார் புல். அந்த வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்துப்போனவர்மேல் கோபப்பட யாருக்கு மனசு வரும்? படம் அந்த இடத்தில் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

நிஜக் கதை அப்படி முடியவில்லை. மூலநாவலை 1976-ல் எழுதிய பாட் கான்ராயின் அப்பாவும் மரைன் விமானிதான். நாவல் வந்தபோது குடும்பமே கொந்தளித்தது. அப்பா 1998 வரை இருந்தார், காலப்போக்கில் நிறையவே மாறினார், மகனோடு உட்கார்ந்து அதே புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு.

கான்ராயின் அம்மா மட்டும் அந்த மாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. விவாகரத்து வழக்கில், மகன் எழுதிய அந்த நாவலையே சாட்சியமாக நீதிபதியிடம் கொடுத்தாள்.