அள்ளிக் கொடுத்தது குற்றமா?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்து சிரிக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்துத் தொலைத்தேன். இருபது வரை மளமளவென்று சொல்லும் குழந்தை, "மூன்று பொத்தான் கொடு" என்றதும் கைநிறைய அள்ளி நீட்டுகிறது. பின்னால் பெரியவர்களின் வெடிச்சிரிப்பு. போதாக்குறைக்கு "இதற்குக் கணக்கு வராது" என்று கீழே ஒரு மேதையின் தீர்ப்பு வேறு.

ஐயா, இரண்டு, மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் கொடுப்பார்கள். எண்களை அடுக்குவது அந்த வயதில் பாட்டு மாதிரி. மூன்று என்றால் எத்தனை என்பது வேறு விஷயம். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இதையேதான் கேட்டுப் பார்த்தார்: இத்தனை எடுத்துக் கொடு. முதலில் 'ஒன்று' மட்டும் புரிகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு'. பிறகு 'மூன்று'. எண்ணும்போது கடைசியாக வரும் சொல்தான் மொத்தம் என்பது பிடிபட மூன்றரை வயதாகிவிடுகிறது. அவரே 1992-இல், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையோடு இன்னொன்றைச் சேர்த்து மறைத்துவிட்டு, திரையை விலக்கும்போது ஒன்றை மட்டும் காட்டினார். இரண்டும் இருந்தபோது பார்த்ததைவிட அதை அதிக நேரம், வியந்ததுபோல் உற்றுப் பார்த்தார்கள். பேச்சே வராத வயதில்! அளவு தெரிகிறது, அதோடு சொல் ஒட்டத்தான் நாளாகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"என் மகள் இரண்டு வயதிலேயே சரியாகக் கொடுத்தாள்" என்று எழுத வருபவர்களுக்கு வாழ்த்துகள். "வேடிக்கைக்குத்தானே" என்பவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி: யாருக்கு வேடிக்கை?

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். எண்ணிக்கையில் சமமான இரண்டு வரிசைகளைக் காட்டி எதில் அதிகம் என்று கேட்டபின், ஒன்றை நீட்டி வைத்துவிட்டு மறுபடி கேட்டால், நீளமானதில்தான் அதிகம் என்பார்கள் சின்னவர்கள். 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள், ஒரு குறும்புக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதாக மாற்றினார்கள். சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் தானே கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளைக்குத் தோன்றாதா?

எனக்குத் தோன்றியது. ஐந்து வயதில், வகுப்பில் எழுந்து நின்று "ஏழு" என்றேன். சரியான விடை. "நன்றாகப் பார்த்துச் சொல்" என்றார் ஆசிரியை. "எட்டு" என்றேன். வகுப்பே சிரித்தது. மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், இருக்கட்டும். சில்லறையை இன்றும் மூன்று முறை எண்ணுகிறவன் நான்.

காணொளியை ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள். "மூன்றா? மூன்றா?" என்று கேட்கக் கேட்க, அந்தக் குழந்தை பொத்தானைப் பார்க்கவே இல்லை. உங்கள் முகங்களைத்தான் மாறி மாறிப் பார்க்கிறது.